திகதியை வெட்டினது யார்?

அம்மம்மாவின்ர அலுமாரிக்குள்ள ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கு. காணி உறுதியின் நிழற்பிரதி, காலாவதியான அடையாள அட்டைகள், செத்துப்போன ஆக்களின் பாஸ்போட் சைஸ் படங்கள், அதுக்கெல்லாம் அடியில நாலாய் மடிச்ச ஒரு பத்திரிகை நறுக்கு. அம்மப்பா எழுதின கட்டுரை. அவர் தன்ர வாழ்க்கையில எழுதி அச்சில வந்தது அது ஒண்டுதான்.

அம்மப்பா இளந்தாரியாய் இருக்கேக்க திருகோணமலை டொக்யாட்டில வேலை செய்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைச்சிட்டுப் போனது. போனவர்களைப் பற்றி எழுத ஆக்கள் இருந்தார்கள். மிஞ்சினவர்களைப் பற்றித்தான் அம்மப்பா எழுதியிருந்தார். எந்த வாசலால வேலைக்குப் போனது, ஆர் பேர் கூப்பிட்டது, கடைசிச் சம்பளத்தன்று என்ன சொன்னார்கள், அதுக்குப் பிறகு ஆர் கடலுக்குப் போனது, ஆர் கொழும்புக்குப் போனது, ஆர் வீட்டிலேயே இருந்து நொந்து போனது. மேடைப் பேச்சுத் தமிழ் இல்லை. பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும்.

என்ர இறுதியாண்டு ஆய்வு துறைமுகத் தொழிலாளர் பற்றியது. நறுக்கைக் கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் குடுத்தன். மிஸ் நிண்டபடியே முழுக்க வாசிச்சா. "அருமையான சாட்சியம். எந்தப் பத்திரிகை? எத்தினையாம் ஆண்டு?" எண்டு கேட்டா.

எனக்குப் பதில் இல்லை. பத்திரிகையின்ர பெயர் இல்லை. திகதி இல்லை. பக்க எண் இல்லை. கட்டுரையின் நாலு ஓரத்தையும் ஒட்டி, தையல் கத்தரிக்கோலால, ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருக்கு. திருப்பிப் பார்த்தால் பெயின்ற் கடை விளம்பரத்தில் பாதி, மரண அறிவித்தலில் கால்வாசி. அறிவித்தலில் கிழமை இருக்கு, நேரம் இருக்கு, ஆண்டு இல்லை. 'இந்த மாசம்' எண்டு போட்டிருக்கு. எந்த மாசம், ஐயா?

"மேற்கோளாய்ப் போடேலாது பிள்ளை. வேணுமெண்டால் பின்னிணைப்பில் வை" எண்டா மிஸ். அவ சொன்னதில் பிழை இல்லை. அப்படித்தான் என்ர ஆய்வில், அம்மப்பா உயிரோட பார்த்த ஒரு விசயத்தை, அவரைக் கண்டேயிராத ஒருத்தர் ஆங்கிலத்தில் எழுதின அறிக்கையை வைத்து நிறுவ வேண்டி வந்தது. அந்த அறிக்கையில் அம்மப்பா மாதிரி ஆக்கள் ஒரு எண்ணிக்கை. ஆனால் அதில் திகதி இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவைக் கேட்டன், ஏன் அம்மம்மா திகதியையும் சேர்த்து வெட்டினியள் எண்டு. "திகதியை வைச்சு என்ன செய்யிறது? அவர் எழுதினதைத்தானே வைச்சிருக்கிறன்" எண்டா.

அம்மம்மாவோட எனக்குச் சண்டை இல்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அந்த ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவ அவ. அவ அன்பாத்தான் வெட்டினா. என்ர சண்டை அம்மம்மா படிக்காத படிப்பெல்லாம் படிச்ச ஆக்களோட. மலர் வெளியிடுற சங்கங்களோட, நூல் வெளியிடுற எழுத்தாளர்களோட, கவிதை எழுதிப்போட்டு அழிக்கிற என்ர வயதுக்காரரோட, என்னோட. எழுதுறது பாதி வேலைதான். இன்னொருத்தர் தேடி வந்தால் கையில் எடுக்கக்கூடிய மாதிரி அதை வைத்துவிட்டுப் போவது மற்றப் பாதி. அந்த இரண்டாம் பாதியை நாங்கள் ஒரு அடிப்படை மரியாதையாய்க்கூட மதிக்கிறதில்லை. இதுதான் என்ர குற்றச்சாட்டு.

எரிச்சதும் தொலைச்சதும்

ஒவ்வொரு வருசமும் ஜூன் மாதம் தொடங்க யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எழுதுகிறோம். 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் திகதியும் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நேரத்தில்தான் எரிக்கப்பட்டது. எழுத வேண்டும். மறக்கக் கூடாது. அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கு. எரிக்காமலே தொலைந்தவற்றை என்ன கணக்கில் எழுதுவது? திருகோணமலையில் எத்தனை பாடசாலை மலர், எத்தனை கும்பாபிஷேக மலர், எத்தனை கழகத்தின் ஆண்டு விழா மலர், எத்தனை நினைவு மலர் வந்திருக்கும்? ஒவ்வொன்றிலும் ஆரோ ஒரு வாத்தியார் தன்ர ஊரின் குளத்தைப் பற்றி, பழைய கூத்தைப் பற்றி, சந்தையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பார். அந்த நாலு பக்கத்துக்கு வேறு ஆதாரம் உலகத்திலேயே இருக்காது. அந்த மலர்களுக்கு ஆரும் நெருப்பு வைக்கவில்லை. கறையான் சாப்பிட்டுது. பழைய பேப்பர்காரனுக்கு நிறையில போனது. அல்லது இருக்கு, ஆனால் ஆரின்ர வீட்டு அலுமாரியில் எண்டு தெரியாது.

நான் இந்த ஆய்வுக்காகப் பார்த்த மலர்களில் ஒன்று, நல்ல கனமான தாள், வண்ண அட்டை. முதல் பன்னிரண்டு பக்கம் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை. வாழ்த்தின ஒவ்வொருவரின் படமும் பதவியும் பட்டமும் தவறாமல் இருக்கு. மலர் வந்த ஆண்டு மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு வாழ்த்துரைக்குக் கீழே போட்டிருந்த பதவியை வைத்து, அவர் எந்தக் காலத்தில் அந்தக் கதிரையில் இருந்தார் எண்டு விசாரிச்சு, நாலு வருச இடைவெளிக்குள்ள கொண்டுவந்து நிறுத்தினன். ஒரு அச்சுப் புத்தகத்தை ஏதோ மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த பானை ஓடு மாதிரி ஆராய வேண்டியிருந்தது.

கல்லில் எழுதினவனுக்கு இருந்த மரியாதை

பானை ஓடு எண்டு சொன்னதால கல்லையும் சொல்லுறன். கன்னியாப் பக்கம் போனால் பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கு. எங்கட ஆக்கள் நாதனார் கோயில் எண்டும் சொல்லுவினம். சோழர் காலத்தில் அதுக்கு இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் என்ன சொல்லுது? இன்ன அரசனின் இத்தனையாம் ஆட்சியாண்டு, இன்னார், இந்தப் பள்ளிக்கு, விளக்கெரிக்க இன்னது குடுத்தார். அவ்வளவுதான். கவிதை இல்லை, ஆசியுரை இல்லை. ஆயிரம் வருசத்துக்குப் பிறகும், சோழர் காலத்தில் தமிழ் பேசினவர்கள் ஒரு பௌத்தப் பள்ளிக்கு விளக்கு வைத்தார்கள் எண்டதை ஒருத்தராலும் மறுக்கேலாமல் இருக்கு. இன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு கல்லும் ஆருக்குச் சொந்தம் எண்டு நடக்கிற இழுபறியைப் பார்த்தால், அந்த நாலு வரியின் பெறுமதி விளங்கும்.

இன்னும் ஒண்டு. அந்தக் காலத்துக் கொடைக் கல்வெட்டுகள் பலவற்றில் கடைசியில் ஒரு வசனம் வரும். சந்திரன் சூரியன் உள்ளவரை இது நிலைக்க வேண்டும், இதை அழிக்கிறவனுக்கு இன்ன பாவம் சேரும் எண்டு. அதைச் சும்மா சாபம் எண்டு தள்ளாதேங்கோ. எழுதினதைப் பிறகு வாறவன் பார்க்க வேண்டும், இடையில் ஆரும் கை வைக்கக் கூடாது எண்ட எண்ணம் எழுதும்போதே அவர்களுக்கு இருந்திருக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கோட்டை வாசலுக்குப் போங்கோ. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். வாசல் தூணில் ஒரு தமிழ்க் கல்வெட்டு, பக்கத்தில் இரட்டைக் கயல். எழுத்துகள் சிதைஞ்சு போச்சு. ஆண்டு இல்லை. எப்படி வாசிக்கிறது, எந்தக் காலத்தது எண்டு அறிஞர்கள் ஆளுக்கு ஒரு விதமாய்ச் சொல்லுகிறார்கள். குளக்கோட்டன் கதையை நம்புறவரும் அதையே காட்டுவார், நம்பாதவரும் அதையே காட்டுவார். திகதி இல்லாத எழுத்துக்கு வாற கதி இது. ஆர் பலசாலியோ அவர் தனக்கு வசதியான பக்கம் இழுப்பார்.

எங்கட ஊரின் இரண்டு நாவல்கள்

ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றைத் திறந்தால் தொடக்கத்திலேயே மூன்று பெயர்கள் வரும். 1885இல் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்'. 1891இல் எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'. 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'. முதலாமவர் கண்டிக்காரர். மற்ற இரண்டு பேரும் திருகோணமலைக்காரர். எது முதல் நாவல் எண்ட வாதம் நீண்ட காலம் நடந்தது. அந்த வாதத்துக்கு அடிப்படையாய் இருந்தது இலக்கிய நயம் இல்லை, ஊர்ப்பற்று இல்லை. அட்டையில் அச்சடித்திருந்த ஆண்டு. 1885, 1891, 1895 எண்ட மூன்று எண்களை அந்த மனிதர்கள் போட்டுவிட்டுப் போனதால்தான் நூறு வருசத்துக்குப் பிறகும் நியாயமாய்ச் சண்டை பிடிக்க முடிந்தது.

சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் கீழைத்தேயச் சுவடி நூலகத்துக்குப் பொறுப்பாய் இருந்தவர். அவரின் வேலையே மற்றவர்களின் பழைய எழுத்தைப் பாதுகாப்பது. ஆனால் அவரின் சொந்த நாவல் அவருடைய சொந்த ஊரிலேயே நீண்ட காலம் கண்ணில் படாத நூலாய்க் கிடந்தது. நான் உயர்தரத்தில் தமிழ் படிச்சவள். 'மோகனாங்கி' எண்ட பெயரை முதன்முதலாய்க் கேள்விப்பட்டது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு. 130 வருசத்துக்கு முந்தி நாவல் எழுதின ஒருத்தரின் ஊரில் பிறந்து வளர்ந்து, அவரைத் தெரியாமல் இருபது வயது வரை வந்திட்டன். அவர் எழுதாமல் விடவில்லை. நாங்கள்தான் கைக்கு எட்டுற இடத்தில் வைக்காமல் விட்டோம்.

ஒரு படமும் ஒரு பெயரும்

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாய் இருக்கு. ஆனாலும் எழுதத்தான் வேணும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குக் கிட்ட, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் எண்டு முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகைக்காகப் பணியாற்றிய சுப்ரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் படங்கள் எடுத்தார். ஜனவரி 4ஆம் திகதி அவை பத்திரிகையில் வந்தன. தலையில் சூட்டுக் காயங்கள். குண்டுவெடிப்புக் கதை அதோடு நிண்டது. ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக நிண்ட இடத்தில், சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த 13 விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலை 3ஆம் திகதி, சாட்சியம் போதாது எண்டு, திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

அது நடக்கேக்க நான் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரிசு. நான் இதெல்லாம் தெரிந்துகொண்டது பிறகுதான். முதலாம் வருசத்தில் படிக்கேக்க, ஒரு ஜனவரி 2ஆம் திகதி, போனில் வந்த அந்தப் படங்களில் ஒன்றை நானும் எடுத்துப் போட்டன். கீழே மெழுகுதிரி. எடுத்தவர் ஆர் எண்டு போடேல்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் எண்டும் தோன்றேல்லை. எனக்கு அனுப்பினவரும் போடேல்லை, அவருக்கு அனுப்பினவரும் போடேல்லை.

ஒரு மனிதன் அந்தப் படத்தை எடுத்து மூன்று கிழமைக்குள் உயிரை விட்டிருக்கிறான். நாங்கள் அவன்ர பெயரை வெட்டிப்போட்டு படத்தை மட்டும் வைத்திருக்கிறோம். அம்மம்மா கத்தரிக்கோலால செய்ததை நான் விரலால செய்தன். அம்மம்மாவுக்காவது தெரியாமல் நடந்தது எண்டு சொல்லலாம்.

மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் படம் ஒரு பொய்யை நிறுத்தினதுக்குக் காரணம், அதில் காயம் தெரிந்தது மட்டும் இல்லை. எந்த நாள், எந்த இடம், ஆர் எடுத்தது, எந்தப் பத்திரிகையில் எண்டைக்கு வந்தது எண்ட நாலும் அதோடு சேர்ந்து நிண்டதால்தான் அது சாட்சியம். நாலையும் பிரிச்சுப்போட்டால் மிஞ்சுறது ஒரு கொடூரமான படம். 'இது வேற நாட்டுப் படம்' எண்டு நாளைக்கு ஒருத்தன் சொன்னால், எங்களிடம் என்ன பதில் இருக்கும்? படத்தைச் செய்து எடுக்கிற காலம் இது. இனி வரப்போற வருசங்களில் உண்மையான படத்துக்கு அதன்ர திகதியும் பெயரும்தான் காவல்.

சரி, என்ன செய்ய வேணும்?

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து பழக்கம்.

ஒன்று, முழுத் திகதி போடுங்கோ. 'கடந்த வாரம்', 'அண்மையில்', 'இவ்வாண்டு' எண்டு எழுதினால் அது அந்த வாரத்துக்கு மட்டும்தான் விளங்கும். நாள், மாதம், ஆண்டு. மலராய் இருந்தால் முதல் பக்கத்தில், ஆசியுரைக்கு முன்னால.

இரண்டு, எழுதினவர் பெயர், படம் எடுத்தவர் பெயர், மொழிபெயர்த்தவர் பெயர். என்ர மொழிபெயர்ப்பு ஒன்று ஒரு விழாக் கையேட்டில் பெயரில்லாமல் வந்தது. கேட்டதுக்கு, "தங்கச்சி, சமூகத்துக்குத்தானே, பெயர் என்னத்துக்கு?" எண்டார்கள். அதே கையேட்டின் பின் அட்டையில் அனுசரணை தந்த கடையின் பெயர் அரைப் பக்கம். கடையும் சமூகத்துக்குத்தானே தந்தது?

மூன்று, எங்கே இருந்து எடுத்தது எண்டதைச் சொல்லுங்கோ. மறுபிரசுரம் எண்டால் முதல் வந்த இடமும் நாளும். 'நன்றி: இணையம்' எண்டு போடுறது நன்றி இல்லை. 'பஸ்ஸில வந்தன்' எண்டு சொன்னால் எந்த ஊரில் இருந்து வந்தது எண்டு தெரியுமா?

நான்கு, பிழை விட்டால் திருத்துங்கோ, ஆனால் திருத்தினது தெரியத்தக்கதாய்த் திருத்துங்கோ. 'இன்ன திகதி திருத்தப்பட்டது' எண்டு ஒரு வரி. ஓசைப்படாமல் மாற்றுறதும், எதிர்ப்பு வந்தவுடன் முழுசாய்த் தூக்குறதும் நாகரிகம் இல்லை. உங்களை வாசிச்சு, மறுத்து எழுதினவர் ஒருத்தர் இருப்பார். நீங்கள் தூக்கினால், அவர் ஆரும் சொல்லாததுக்குப் பதில் சொன்ன விசரன் மாதிரி நிற்பார்.

ஐந்து, ஒரு பிரதியை உங்கட கையை விட்டுப் போகப் பண்ணுங்கோ. உங்கட வீட்டுக்கு வெளியே, பொதுவான ஒரு இடத்துக்கு.

ஐந்தாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேணும். இந்த நாட்டில் அச்சிடப்படுகிற நூல்களின் பிரதிகளை அச்சகத்தார் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் எண்டு 1885ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திட்டுது. 'அசன்பே சரித்திரம்' வந்த அதே ஆண்டு. எங்கட ஊர் மலர்களில் எத்தனை அப்படிப் போயிருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. இணையத்தில் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் சேர்ந்து ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், மலர்கள் எண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை மின்வடிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் குடுத்து, ஆரும் காசில்லாமல் வாசிக்க வைத்திருக்கிறார்கள். இந்த ஆய்வில் முக்கால்வாசி எனக்கு அங்கேதான் கிடைத்தது. சில மலர்களின் பக்கத்தில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோடு அவர்களின் குறை இல்லை. எங்கட குறை.

இதுக்குப் பெரிய படிப்போ பதவியோ தேவையில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் எண்டு ஒருத்தர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதினவர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ் எண்டு ஆயுசு முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாய் ஆனது. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் தமிழ் அச்சு வரலாறு எழுதினாலும் அந்த வாசலை மிதிக்காமல் எழுதுறது கஷ்டம். அழைப்பிதழைக்கூட எறியாத மனிதன் அவர். நாங்கள் எழுதின ஆளின் பெயரையே எறியிறம்.

'ஆனால்' எண்டு சொல்லுறவர்களுக்கு

முதல் ஆனால்: காசில்லை. மலர் அடிக்க, மண்டபம் எடுக்க, மாலை வாங்க, வீடியோக்காரனுக்குக் குடுக்கக் காசு இருக்கு. திகதி போட எவ்வளவு முடியும்? கௌரவப் பிரதி எண்டு மேடையில் இருபது பேருக்குக் குடுக்கிறியள். அந்த இருபதில் எத்தனையை வாங்கினவர் விரிச்சுப் பார்ப்பார் எண்டு உங்களுக்கும் தெரியும். பத்தொன்பது குடுங்கோ. ஒண்டைப் பொது நூலகத்துக்குக் குடுங்கோ.

இரண்டாவது ஆனால்: "பழசைக் கிளறி என்ன பிள்ளை கிடைக்கப் போகுது?" இதை எனக்குச் சொன்னவர் ஒரு மூத்த எழுத்தாளர். அவர் தன்ர முதல் தொகுப்பின் பிரதி தன்னிடமே இல்லை எண்டு கவலைப்பட்ட அதே பின்னேரம் சொன்னார். இதுக்கு மேல என்ன பதில்?

மூன்றாவதுதான் உண்மையான ஆனால். பயம். பெயரும் திகதியும் போட்டால் ஆபத்தாய் இருந்த காலம் ஒன்று இருந்தது. சுற்றிவளைப்பு வருகுது எண்டால் புத்தகத்தை மண்ணுக்குள்ள தாட்ட வீடுகள், அடுப்புக்குள்ள வைத்த வீடுகள் எங்கட ஒழுங்கையிலேயே இருந்தன. அம்மாவும் ஒரு கொப்பியை எரிச்சவ. அதில என்ன எழுதியிருந்தது எண்டு இன்றைக்கும் சொல்லமாட்டா. அப்படி எரித்தவர்களை, புனைபெயருக்குள் ஒளிந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. சுகிர்தராஜனுக்கு நடந்ததை மேலே எழுதிப்போட்டு, 'துணிவாய்ப் பெயர் போடுங்கோ' எண்டு உபதேசம் பண்ணவும் மாட்டன். பயமிருந்தால் புனைபெயரில் எழுதுங்கோ. ஆனால் ஒரே புனைபெயரில் எழுதுங்கோ, திகதியைப் போடுங்கோ, நம்பிக்கையான ஒருத்தரிடம் உண்மையைச் சொல்லி வையுங்கோ. புனைபெயரைப் பிறகு அவிழ்க்கலாம். இல்லாத திகதியை ஆராலும் அவிழ்க்கேலாது.

ஆனால் கும்பாபிஷேக மலரில் திகதி போட ஆருக்கு என்ன பயம்? பழைய மாணவர் சங்க மலரில் கட்டுரையாளரின் பெயரை விட்டது எந்த இராணுவத்தின் கட்டளை? போரின் கணக்கில் எழுதக்கூடியதை அங்கே எழுதுங்கோ. சோம்பலையும் அதே கணக்கில் எழுதித் தப்பிக்காதேங்கோ.

நாலாவது ஆனால் என்ர வயதுக்காரருடையது. "என்ர எழுத்து, நான் போடுவன், நான் அழிப்பன்." சரி. உரிமை உங்களுடையது. ஆனால் நீங்கள் எழுதினது உங்களைப் பற்றி மட்டும் இல்லையே. சந்தையில் நடந்த சண்டை, வேலை நிறுத்தத்தில் நிண்ட அன்ரியின்ர கதை, கரைவலைக்காரரின் முறைப்பாடு. அவர்கள் உங்களிடம் சொன்னது நீங்கள் எழுதுவீர்கள் எண்டு நம்பி. மூன்று மாதத்துக்குப் பிறகு உங்களுக்குச் சலிச்சுப்போய் எல்லாத்தையும் அழிச்சால், அழிஞ்சது உங்கட கவிதை மட்டும் இல்லை.

எங்கட துறைமுகத்தைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆக்கள் இருக்கினம். எந்த வல்லரசுக்கு என்ன நோக்கம், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எத்தனை, ஒப்பந்தம் எண்டைக்குக் கைச்சாத்தானது, எல்லாத்துக்கும் திகதி இருக்கு, கோப்பு எண் இருக்கு. மிஞ்சின 99 தாங்கியையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாங்கிகளுக்குக் கீழே வேர்வை சிந்தினவர்களின் கதை எங்கட பிஸ்கட் ரின்களுக்குள்ள, ஓரம் வெட்டின நறுக்காய்க் கிடக்குது. நாளைக்கு இந்த ஊரின் வரலாற்றை எழுத வாறவன் எதை மேற்கோள் காட்டுவான்? எடுக்கக்கூடியதைத்தான் எடுப்பான்.

போன கிழமை அம்மம்மாவோட இருந்து அந்த நறுக்கைத் திரும்ப வாசிச்சன். எப்ப வந்தது எண்டு மெல்ல மெல்லக் கேட்டன். பெரிய மாமா பிறந்து, தவழத் தொடங்கின காலம் எண்டா. மழைக்காலம் எண்டா. பத்திரிகையைக் கொண்டுவந்து குடுத்தது ஆர் எண்டும் சொன்னா. மாமாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, ஒரு ஆண்டு, இரண்டு மாத இடைவெளி வரைக்கும் வந்திட்டன். அந்த மாதங்களின் பத்திரிகைக் கட்டுகளை இனிக் கொழும்பில் சுவடிகள் காப்பகத்தில் இருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்ட வேண்டும். புரட்டுவன்.

அதுவரைக்கும், நறுக்கை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டாமல் செருகி, கீழே பென்சிலால எழுதி வைத்திருக்கிறன்: அம்மப்பாவின் முழுப்பெயர், அம்மம்மா சொன்ன காலம், சொன்ன திகதி, எழுதினவளின் பெயர். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிச்சுப் பார்த்தா. பிறகு கேட்டா, "இதை அப்பவே சொல்லியிருந்தால் நான் வெட்டாமல் விட்டிருப்பனே, ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அடுத்த மலர்க்குழுக் கூட்டத்தில், அடுத்த நூல் வெளியீட்டில், எழும்பி நிண்டு ஆராவது கேளுங்கோ: திகதி எங்கே, பெயர் எங்கே, நூலகத்துக்குப் பிரதி எங்கே? மேடையில் இருக்கிறவர்கள் முகத்தைச் சுழிப்பார்கள். பரவாயில்லை. அம்மம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. இவர்களுக்கு நாங்கள் சொல்லியாச்சு.